கடைசி அம்பு

ரவுதா விசில் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறாள். ஊதுவதில்லை. குருளைச் சாரணர்களை இருவர் இருவராகச் சந்தைக்குள் அனுப்பிவிட்டால், கடைசி ஜோடி திரும்பும்வரை அந்தக் கயிறுதான் அவளுக்குச் சாப்பாடு.

துனிசியாவின் காபெஸ் நகரில் வாரமெல்லாம் ரொட்டிக்கடையில் நிற்பவள், ஞாயிறன்று கழுத்தில் சாரணத் துண்டு கட்டி, ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்குக் 'காயிதா', அதாவது தலைவி, ஆகிவிடுவாள். காலையிலேயே சந்துகளில் சாக்பீஸால் அம்பு போட்டு வைப்பாள். அதைப் பார்த்துப் பிள்ளைகள் தாங்களாகவே சுற்றி வர வேண்டும். வந்தவர்களுக்குச் சாரண வழக்கப்படி இடது கையால் கைகுலுக்கல். தெருவில் முகம் சுளிப்பவர்களிடம், "இதயம் இந்தப் பக்கம்தானே இருக்கு?" என்பாள்.

பேச்சில் இருக்கும் தைரியம் வயிற்றில் இருக்காது. இன்று கடைசி ஜோடி, லமீஸையும் நிதாலையும், இன்னும் காணோம்.

"அந்தக் கருப்புப் பையனோட சேர்க்காதீங்கன்னு அப்பவே சொன்னேன்ல?" லமீஸின் அப்பா, வழக்கறிஞர் அனீஸ்.

"அம்புக்கு நெறம் தெரியாது, வக்கீலய்யா."

"எம்பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க குழுவையே மூட வச்சிடுவேன்."

பள்ளிவாசலில் தோளோடு தோள் உரசித் தொழுகிறவர்தான். பிள்ளைகள் மட்டும் உரசக்கூடாது. எந்தச் சட்டப் படிப்பும் இந்த அழுக்கைக் கழுவவில்லை.

குழு போகட்டும். சந்துக்குள் கண்மண் தெரியாமல் பாயும் மோட்டார் சைக்கிள்கள்? ரவுதா நடக்கிறாள், ஓடாமலிருக்கப் பாடுபட்டு நடக்கிறாள். அனீஸ் பின்னாலேயே வருகிறார். மருதாணிக் கடைகளருகே தரையெல்லாம் ஈரம். காலையில் போட்ட அம்பு ஒன்றையும் காணோம். கடைக்காரர்கள் வாசல் கழுவுவார்கள் என்று யோசிக்காமல் சுவரை விட்டுத் தரையில் அம்பு போட்டது அவள்தான்.

"குறி தொலைஞ்சா ஓடாதே. கடைசியாப் பார்த்த குறிகிட்டயே நில்லு." அவள் சொல்லிக்கொடுத்த பாடம். பயந்த குழந்தைக்கு அது ஞாபகம் இருக்குமா?

அடுத்த வளைவில் மிச்சமிருந்த ஒரே அம்பைச் சுற்றி இரண்டு கழுத்துத் துண்டுகள் அணைபோலக் கிடக்கின்றன. இருபுறமும் நனைந்த கால்களோடு லமீஸும் நிதாலும்.

கடைக்காரர் துடைப்பத்தோடு சிரிக்கிறார். "காயிதா, என்னைக் கழுவ விடமாட்டேங்குறாங்க. அம்பு அழிஞ்சா நீங்க தொலைஞ்சுபோயிடுவீங்களாம்."

அனீஸ் மகளின் இடது கையைப் பிடித்து இழுக்கிறார். "வா போலாம்."

"இருங்கப்பா. ரெண்டு பேரும் சேர்ந்துதான் திரும்பணும்."

ரவுதா யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. வலது கையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு இடது கையை நீட்டுகிறாள். நிதால் தன் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டுக் குலுக்குகிறான். அவள் கையை மடக்கவில்லை. லமீஸ் அப்பாவின் பிடியிலிருந்து தன் இடது கையை விரல் விரலாக உருவி எடுக்கும்வரை, அப்படியே நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.