கூடாரத்தின் முன்கம்பம்

தேவாலாவில் எங்கள் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டிருந்த நேரம். புதுத் தகடு வருவதற்குள் மழை முந்திக்கொண்டது. எஸ்டேட் பங்களாவில் வேண்டாமென்று கழித்த பழைய கூடாரம் ஒன்றை வாங்கிவந்து வாசலுக்கு எதிரே, மலைச்சரிவின் ஓரமாக அடித்தேன். நானும் மனைவியும் அதில்தான் இருந்தோம். கித்தான் துணி உறுதியாக இருந்தது, கம்பங்கள்தான் மோசம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டின் தலையிலும் படுக்கையாக ஒன்று. நிற்கும் இரண்டும் அடியில் மக்கிப்போயிருந்தன.

நான் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். சும்மா இருப்பேனா? மரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெரிய இரும்புக் குழாய்க்குள் சின்னக் குழாயைச் செருகி, ஒவ்வொரு விரற்கடைக்கும் ஒரு துளை போட்டேன். போல்ட்டை மாற்றி மாட்டினால் கம்பத்தின் உயரம் கூடும். மண்ணுக்குள் இறங்காமலிருக்க அடியில் அகலமான தகடு ஒன்றைப் பற்றவைத்தேன்.

மறுநாள் காலை கூடாரத்தின் முன்பக்கம் தொய்ந்திருந்தது. ஒரு துளை உயர்த்தினேன். அதற்கடுத்த நாளும் அப்படியே.

"ஏனுங்க, கித்தான் நனைஞ்சா இறுகத்தானே செய்யும்? இது எதுக்குங்க தொங்குது?" என்றாள் மனைவி.

"பழசு. அப்பிடித்தான் இருக்கும்."

அது பதிலே இல்லை என்பது சொல்லும்போதே தெரிந்தது. தகடு மண்ணில் புதையவில்லை. பின்கம்பம் வைத்தது வைத்தபடி நின்றது. சரிவின் விளிம்பை ஒட்டிய முன்கம்பம் மட்டுந்தான் தாழ்ந்துகொண்டே வந்தது. மூன்றாம் நாள் இரண்டு துளை உயர்த்தினேன். யாரிடமும் சொல்லவில்லை.

நான்காம் நாள் காலை, துளைகள் தீர்ந்துவிட்டன. நீளமான குழாய் எடுத்துவர ஃபேக்டரிக்குக் கிளம்பினேன். கூடாரத்துக்குள்ளிருந்து மனைவி கூப்பிட்டாள். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு மண்டியிட்டிருந்தாள். இரண்டு கம்பங்களுக்கும் நடுவே தரை குறுக்காக வெடித்திருந்தது.

"கையை உட்டுப் பாத்தனுங்க. முழங்கை வரைக்கும் போவுது."

மழை விட்டிருந்தது. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை.

சரிவுக்குக் கீழே இஞ்சி போடும் ஒருவரின் வீடு. அவரும் அவர் மனைவியும் ஒரு சினைப்பசுவும். ஓடிப்போய்ச் சொன்னேன்.

சிரித்தார். "டெண்ட் சாயறதுக்கெல்லாம் ஊட்டை உட்டுட்டுப் போவாங்களா?"

அவர் மனைவி சிரிக்கவில்லை. "ஊத்துத் தண்ணி விடிஞ்சதுலிருந்து செவப்பா வருதுங்க," என்றாள். அதைக் கேட்டு அவர் முகம் மாறியது. பசுவை இழுத்துப் பார்த்தோம். அந்த வயிற்றோடு அது சரிவில் ஏற மறுத்தது. "அப்பறம் வந்து ஓட்டிக்கறேன்," என்று மரத்தில் கட்டிவிட்டு வந்தார்.

நால்வரும் மேலே ரோட்டோரப் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தோம். நண்பகலுக்குச் சற்று முன், லாரியில் கருங்கல் கொட்டுவதுபோல் ஒரு சத்தம். வெகுநேரம் நிற்கவே இல்லை. போய்ப் பார்த்தபோது என் வீட்டில் பின்சுவர் மட்டும் நின்றது. கீழே வீடு இருந்த இடத்தில் சேறு ஓடிக்கொண்டிருந்தது. பசுவைக் கட்டிய மரமும் இல்லை.

சாயங்காலம் யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். இஞ்சிக்காரர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு எப்பங்க தெரிஞ்சுது?"

"இன்னைக்குக் காலையிலதானுங்க," என்றேன்.

மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு மட்டுமல்ல, பிறகும் அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை.