வால்வு சார் எரிமலைக்குப் போகிறார்

தீவு விடுதி ஒன்றின் வண்ணப் படத்தை வால்வு சார் ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, பூதக்கண்ணாடியை அதன்மேல் மெல்ல நகர்த்துகிறார். கட்டிலையோ நீச்சல் குளத்தையோ அவர் பார்க்கவில்லை. தென்னங்கீற்றுகள் வலப்பக்கம் பறக்கின்றன. பின்னாலிருக்கும் மலையின் புகை இடப்பக்கம் போகிறது.

"ஒரே ஊர்ல ரெண்டு காத்தா அடிக்குது? மலையை வெட்டி ஒட்டியிருக்கான்."

அந்த விடுதி கழிந்தது.

ஓய்வு பெறும் வரை கொதிகலன் ஆய்வாளராக இருந்தவர். ஆலைகளில் நீராவியை அடக்கி வைத்திருக்கும் இரும்புப் பூதங்களைத் தட்டிப் பார்த்து, ஓடலாமா நிற்க வேண்டுமா என்று சொல்வது வேலை. தெருவில் அவருக்கு வால்வு சார் என்று பெயர். வைத்தவர் எதிர்வீட்டுத் தையல்காரர். அந்தத் தையல்காரர் வீட்டுக் குக்கரை இவர் இரவல் வாங்கி, திருப்பித் தரும்போது புது சேஃப்டி வால்வு மாட்டிக் கொடுத்தாராம் மனிதர். "இத்தனை நாள் எப்படி உயிரோட இருந்தீங்க?" என்று ஒரு விசாரிப்பும் சேர்த்து.

பேருந்தில் அவசர வழி ஜன்னலுக்கு அருகில்தான் உட்காருவார். உட்காரும் முன் அது திறக்கிறதா என்று தள்ளிப் பார்த்து நடத்துநரிடம் திட்டு வாங்குவார். "தொறக்கக் கூடாதுன்னா எதுக்குய்யா வச்சிருக்கீங்க?" என்று திருப்பிக் கேட்பார். பக்கத்து வீட்டுக்காரன் நான், இந்த விஷயத்தில் அவர் கட்சிதான். பூட்டிய கதவுக்குள் ஆட்கள் எரிந்துபோன பிறகு விதி என்று கைவிரிக்கிற உலகத்தில், முன்கூட்டியே தள்ளிப் பார்க்கிறவன் கோமாளியாகத்தான் தெரிவான்.

ஆனால் இப்போது அந்தச் சந்தேகம் அவர் மனைவியின் ஆசைமேல் உட்கார்ந்திருக்கிறது.

அந்த அம்மாள் புவியியல் ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கரும்பலகையில் எரிமலையைக் குறுக்காக வெட்டி வரைகிறார். உள்ளே குழம்புக்குச் சிவப்புச் சுண்ணக்கட்டி. ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒரு பிள்ளை, "நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டுவிடும். இல்லை என்று சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது. எங்கோ வெப்பக் கடலில் எரிமலைத் தீவுகள் கூட்டமாக இருக்கின்றனவாம். கறுப்பு மணல் ஒரு தீவில், வெந்நீர் ஊற்று இன்னொன்றில், உயிரோடு புகையும் மலைவாய் கடைசித் தீவில். அங்கே போவதற்கு இரண்டு முறை திட்டம் போட்டார்கள். முதல் முறை, தீவுக்குத் தீவு போகும் படகில் மிதவைச் சட்டைகள் குறைவு என்று வால்வு சார் நிறுத்தினார். அடுத்த முறை மலையேறும் கயிறு நைந்திருப்பதைப் படத்தில் பார்த்து நிறுத்தினார்.

"உனக்கு அது எரிமலை. எனக்கு அது வால்வு இல்லாத பாய்லர்" என்பது அவர் வாதம்.

"மூடி போட்டு வச்சிருந்தா நான் எதுக்குங்க பாக்கப் போறேன்?"

"பொகை விடுற மலையைத் தூங்குதுன்னு போட்டிருக்கான். யாரு கிட்டப் போய் எழுப்பிப் பாத்தது?"

"இந்தத் தடவை நீங்க வரலைன்னா நான் தனியாப் போறேன்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். வால்வு சார் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார்.

பயண முகவர் அலுவலகத்துக்கு என்னையும் சாட்சிபோல இழுத்துக்கொண்டு போனார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கணினியைத் திருப்பி, கடைசித் தீவின் படத்தைக் காட்டினாள். மலைவாய் விளிம்பில் பயணிகள் நிற்கிறார்கள், எல்லார் முகத்திலும் புகை முகமூடி. அவர்களுக்குப் பின்னால் எல்லார் பைகளையும் சுமந்துகொண்டு வழிகாட்டி நிற்கிறார். அவர் வாயில் ஈரத் துணி ஒன்றைக் கவ்வியிருக்கிறார், அவ்வளவுதான்.

"இவருக்கு மாஸ்க் எங்கம்மா?"

"அவங்க உள்ளூர் ஆளுங்க சார். பழகியிருக்கும்."

வால்வு சார் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்து அந்தத் துணியைப் பார்த்தார். கொதிகலன் அறைகளில் கரி அள்ளிப் போடுகிறவர்களைப் பற்றி ஒவ்வொரு முதலாளியும் அவரிடம் சொன்ன சொல் அது. பழகிவிடும். அடுத்தவன் உடம்பைப் பற்றி மட்டுமே சொல்லப்படுகிற சொல். கந்தகப் புகைக்கு, காசு கொடுத்து வந்த நுரையீரல் எது, கூலிக்கு வந்த நுரையீரல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. நமக்குத்தான் தெரிகிறது.

"இது சரிப்படாது" என்று எழுந்தார்.

ஆசிரியை எழவில்லை. "நேராச் சொல்லுங்க. அந்த ஆளுக்காகவா, உங்க பயத்துக்காகவா?"

எனக்கும் அதே சந்தேகம்தான். நியாயத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளும் பயத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவர் நின்றபடியே யோசித்தார். "ரெண்டுக்கும்தான்மா."

"அப்போ பயத்தையும் கூட்டிக்கிட்டு வாங்க. அதுக்குத் தனி டிக்கெட் கிடையாது. அந்த ஆளுக்கு நாம ஒரு மாஸ்க் வாங்கிட்டுப் போவோம்."

அவர் உட்கார்ந்தார். பிறகு முகவர் பெண்ணிடம், "நாங்க ஒருத்தருக்கு வாங்கிடுவோம். நாளைக்கு வேற கூட்டத்தோட ஏறுவாரே, அப்போ? வழிகாட்டிங்களுக்கும் மாஸ்க் தருவாங்களான்னு உங்க கம்பெனிகிட்ட எழுதிக் கேளுங்க. பதில் வந்தப்புறம்தான் நான் பணம் கட்டுவேன்" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளுக்காகச் சிபாரிசு செய்யவில்லை.

நிறுவனத்தின் பதில் மழுப்பலாக வந்தது. 'பரிசீலிக்கிறோம்' என்ற சொல்லை அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர். பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தத் தீவுகளின் சுற்றுலா அதிகாரிக்கு நேராக ஒரு புகார் அனுப்பிவிட்டு, பணத்தைக் கட்டினார்.

நேற்று முகமூடிகள் வந்து சேர்ந்தன, மூன்று. வடிகட்டியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மூச்சை இழுத்தால் முகமூடி முகத்தோடு உறிஞ்சி ஒட்ட வேண்டும். எங்கேயாவது காற்று புகுந்தால் அது வெறும் அலங்காரம். ஆசிரியைக்கு ஒட்டியது. அவருக்கு ஒட்டவில்லை. இழுக்கும்போதெல்லாம் கன்னத்தோரம் உஸ்ஸென்று கசிந்தது.

"தாடிங்க" என்றார் ஆசிரியை. வேலைக் காலத்தில் வைத்துக்கொள்ள முடியாமல், ஓய்வு பெற்றதும் ஆசையாக வளர்த்த தாடி.

வால்வு சார் மூன்றாவது முகமூடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொலைபேசியை எடுத்து முகவர் பெண்ணை அழைத்தார்.

"அந்த வழிகாட்டிக்குத் தாடி இருக்காம்மா?"

"ஏன் சார், அதுலயும் சந்தேகமா?"

"தாடி இருந்தா மாஸ்க் ஒட்டாது. இருந்தா தலை முழுக்க மூடுற மாதிரி வேற வாங்கணும். கேட்டுச் சொல்லும்மா, நான் லைன்லயே இருக்கேன்."

தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, மடியில் செய்தித்தாளை விரித்தார். மனைவி பக்கம் கையை நீட்டிக் கத்தரிக்கோலை வாங்கி, கன்னத்தோரத்தில் முதல் கொத்தை வெட்டினார்.