பஞ்சவர்ணம் கார் வாங்கியது

பக்கவாதம் வருவதற்கு முன்பு, அந்த வீட்டில் பேரம் பேசுவது சேகரனின் வேலை. சுற்றுலா வண்டி ஓட்டிய மனிதர். தக்காளியோ வீட்டு வாடகையோ, சிரித்துக்கொண்டே குறைத்துவிடுவார். மனைவி பஞ்சவர்ணம் சற்றுத் தள்ளி, கூச்சத்தோடு வேறெங்கோ பார்த்தபடி நிற்பாள். இப்போது அவருக்கு வலக்கையும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. பிசியோதெரபிக்கு ஆட்டோ கூப்பிட்டால், அவர் இழுத்து இழுத்து நடப்பதைப் பார்த்ததுமே பலர் திருப்பிக்கொண்டு போனார்கள்.

மார்டள்ளி கிராமத்திலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்த பஞ்சவர்ணம், ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். ஐம்பதை நெருங்கும் வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கினாள்.

முதலில் போன ஷோரூமில், "சார் எப்போ வருவாங்க?" என்று கேட்டார்கள். சார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவள் எழுந்து வந்துவிட்டாள்.

இரண்டாவது இடத்தில் ஸஞ்சனா என்ற விற்பனைப் பெண். மைசூரிலேயே பிறந்த தமிழ்ப்பெண். காபி கொடுத்துவிட்டு விலைப்பட்டியலை நீட்டினாள். காரின் விலைக்குக் கீழே இன்சூரன்ஸ், சீட் கவர், மேட், ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஏறிக்கொண்டே போனது.

"ஏம்மா, இந்த ஹேண்ட்லிங்னா என்னது?"

"குடோன்லேர்ந்து இங்க கொண்டு வர்றதுக்கு ஆண்ட்டி."

"நான் இங்கதான வாங்கறேன். குடோனுக்கு நானா போகச் சொன்னேன்? அதை எடுத்துரு. சீட் கவரும் வேண்டாஞ் சாமி."

சொல்லிவிட்டுப் பட்டியலைத் திருப்பி நீட்டினாள். ஸஞ்சனா உள்ளே போய் மேனேஜரைக் கேட்டுவிட்டு வந்தாள். மறுபடி போனாள், மறுபடி வந்தாள். அன்று முடியவில்லை. மறுநாள் வேலை முடிந்த கையோடு பஞ்சவர்ணம் இன்னொரு ஷோரூமுக்குப் போய் அவர்கள் விலையையும் எழுதி வாங்கினாள். வெளியே ஒரு ஏஜெண்டிடம் இன்சூரன்ஸ் விலை கேட்டாள். இரண்டையும் எடுத்துக்கொண்டு ஸஞ்சனாவிடம் திரும்பி வந்தாள். கால் வீங்கியிருந்தது. இதையெல்லாம் சேகரன் எப்படி விளையாட்டுபோலச் செய்தார் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

மாதக் கடைசியில் மேனேஜர் மல்லப்பன் இறங்கி வந்தார். ஹேண்ட்லிங் போனது. இன்சூரன்ஸும் வெளி விலைக்கே வந்தது. முன்பணம் கட்டும்போது, "இந்த வருச வண்டிதானே? பதிவு பண்றதுக்கு முன்னாடி நான் ஒருதரம் பாக்கணும்" என்றாள்.

"இந்த வருஷத்துதான் ஆண்ட்டி."

சேகரனையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனபோது, குடோனில் கார் தூசி படிந்து நின்றது. கதவுப் பக்கத் தகட்டில், வண்டி தயாரித்த தேதி போன வருடத்தது. பஞ்சவர்ணம் அதை விரலால் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். கோபம்கூட வரவில்லை. அப்படியே பக்கத்திலிருந்த படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நிஜவாகலூ, சத்தியமா எனக்குத் தெரியாது ஆண்ட்டி," என்றாள் ஸஞ்சனா. "இந்த மாசம் டார்கெட் ஆகலைன்னா என்னையும் நிறுத்திடுவாங்க."

"உன்னை நான் ஒண்ணுஞ் சொல்லலை கண்ணு. மேனேஜரை வரச்சொல்லு."

மல்லப்பன் வந்தார். புது வண்டி வேண்டுமென்றால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், இதையே எடுத்தால் விலையைக் குறைப்பதாகச் சொன்னார். அவர் குறைத்தது போதாது என்றாள் அவள், கன்னடத்தில். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கையை நீட்டினாள். அவர் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய், யாரிடமோ பேசிவிட்டு வந்து இன்னும் குறைத்தார். அந்தத் தள்ளுபடியும் போதாது என்றே அவளுக்குப் பட்டது. மறுபடி வாயைத் திறந்தாள்.

அப்போது சேகரன் இடக்கையால் அவள் சேலையைப் பிடித்து இழுத்தார்.

"போ... தும்."

பல வாரங்களில் அவர் வாயிலிருந்து தெளிவாக வந்த சொல் அதுதான். விலை குறைத்தது போதும் என்கிறாரா, இவள் படுகிறது போதும் என்கிறாரா என்று அவள் கேட்கவில்லை. சரி என்று தலையசைத்தாள்.

வண்டி கைக்கு வந்த அன்று அதற்குப் பூமாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். ஸஞ்சனா லட்டு கொடுத்தாள். பஞ்சவர்ணம் படத்தில் சிரிக்கவில்லை. ரிங் ரோட்டில் இரண்டு முறை எஞ்சின் நின்றது. பின்னால் பஸ் ஹார்ன் அடித்துத் தீர்த்தது.

"அடிக்கட்டும் போ," என்று சொல்லிக்கொண்டே மறுபடி சாவியைத் திருப்பினாள். பக்கத்து இருக்கையில் சேகரன் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார்.