முகூர்த்தம் ஒன்பதுக்கு, ஹைடைட் ஒன்பதே முக்காலுக்கு

கல்யாண ஏற்பாட்டுத் தொழிலில் தொந்தரவே தராதவர்கள் இரண்டே பேர், பொண்ணும் மாப்பிள்ளையும். மீதி நானூறு பேருக்காகத்தான் என்னைப் போன்றவர்களைக் கூப்பிடுகிறார்கள். மும்பையில் ஒரு கல்யாணமாவது நடத்திப் பார்த்தவர்கள் இந்த இடத்தில் தலையாட்டியிருப்பீர்கள். மழைக்காலத்தில் நடத்தியவர்கள் படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள்.

நாளிதழில் பதினாறு வருடம் செய்தி எழுதியவன் நான். அதற்குப் பிறகு மாட்டுங்காவில் ஓர் அறை, ஒரு மேஜை, ஓயாத போன் என்று இந்தத் தொழில். பழைய பழக்கம் ஒன்று மட்டும் விடவில்லை. யார் எது சொன்னாலும் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே குறித்துக்கொள்வேன். கீழே இருப்பவை அந்த நோட்டிலிருந்து எடுத்தவை. முதல் சம்பவம் தவிர மற்றவை எல்லாம் ஒரே கல்யாணத்தில் நடந்தவை.

மிதந்த அண்டா

தொழிலுக்கு வந்த புதிது. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு மண்டபம். சமையல்கட்டு தரைத்தளத்தில். ஆனி மாத மழை விடியற்காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. மழைதானே, சாக்கடை இழுத்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன். அந்த நேரத்தில் கடலும் ஏறி நிற்கும், கடல் ஏறி நின்றால் சாக்கடைத் தண்ணீர் போக வழியில்லாமல் தெருவுக்கே திரும்பி வரும் என்று எனக்கு அன்றுவரை யாரும் சொல்லவில்லை. கிங்ஸ் சர்க்கிள் ஒரு கிண்ணம் மாதிரி. முதலில் நிரம்புவது அதுதான்.

ஒன்பது மணிக்குச் சமையல்கட்டில் முழங்கால் தண்ணீர். அடுப்பு அணைந்துவிட்டது. கொஞ்சம் காலியான சாம்பார் அண்டா தரையை விட்டு எழும்பி, கதவை நோக்கி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பொண்ணு வீட்டுக்காரர்கள் மாடிப்படியில் நின்று அதையே பார்த்தார்கள். சமையல்காரர் என் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தூக்கிக் காட்டிச் சொன்னார்: "அண்ணே, எல்லாரும் பாத்துக்கிடுங்க. இன்னிக்கு சாம்பார்ல தண்ணி ஊத்துனது நான் இல்ல."

கடலிடம் நாள் கேட்பது

அன்றைக்குப் பிறகு என் சுவரில் இரண்டு காலண்டர். ஒன்று எல்லோர் வீட்டிலும் தொங்கும் பஞ்சாங்கக் காலண்டர். இன்னொன்று, எந்த நாள் எத்தனை மணிக்குக் கடல் எவ்வளவு ஏறும் என்ற அட்டவணை. மீன்பிடிக்கிறவர்கள் பார்ப்பது. ஜூன் முதல் செப்டம்பர் வரை எந்த ஜோசியர் எந்த முகூர்த்தம் குறித்துக் கொடுத்தாலும் இதையும் பார்த்த பிறகுதான் மண்டபத்துக்குப் போன் செய்வேன்.

சுடலைமுத்து வந்தது ஒரு மே மாதத்தில். தாராவியில் லெதர் பேக் தைக்கும் பட்டறை வைத்திருப்பவர், திருநெல்வேலிப் பக்கம். மகள் முத்துச்செல்விக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கார்த்திக், வீடு நவி மும்பை சான்பாடாவில்; வேலை தோஹாவில். போன வருடமே நடந்திருக்க வேண்டியது. பத்து நாள் இருக்கும்போது கம்பெனி அவனுடைய லீவை ரத்து செய்ய, கல்யாணம் நின்றுபோயிற்று. இந்த வருடம் மூன்று வாரம் லீவு கிடைத்திருந்தது. அந்த மூன்று வாரத்தில் ஆடி பிறப்பதற்கு முன் இருந்தது ஒரே முகூர்த்தம்: ஆனியில் ஒரு நாள், காலை ஒன்பதிலிருந்து பத்தரை. அதை விட்டால் அடுத்த வருடம்தான்.

அட்டவணையைப் பார்த்தேன். அன்று காலை ஒன்பதே முக்காலுக்கு ஹைடைட், கடல் உச்சத்தில். அந்த மாதத்திலேயே பெரிய ஏற்றங்களில் ஒன்று. விஷயத்தைச் சொன்னேன். அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்தார், அட்டவணையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "பத்துப் பொருத்தமும் பாத்தாச்சு. இனி கடலுகிட்டயும் பொருத்தம் பாக்கணும்னா சொல்லுதிய, அண்ணாச்சி?"

பழைய பத்திரிகை

கல்யாணப் பத்திரிகை அடிப்பது பற்றிப் பேச அவர்கள் வீட்டுக்குப் போனேன். பீரோவுக்கு மேல் போன வருடத்துப் பத்திரிகைகள் கட்டோடு இருந்தன. பெயர் மாறவில்லை, ஊர் மாறவில்லை, கிங்ஸ் சர்க்கிள் மண்டபம்கூட அதேதான். தேதி இருக்கும் இடத்தில் மட்டும் புதுத் தேதியை ஸ்டிக்கராக ஒட்டிவிடலாமே என்றார் பொண்ணின் அம்மா. கேட்பதற்கு நியாயமான யோசனை. நாளிதழ் ஆபீசில் நாங்களே இப்படிப் பலதடவை சமாளித்திருக்கிறோம்.

முத்துச்செல்வி அதுவரை மூலையில் உட்கார்ந்து போனில் யாருக்கோ இந்தியில் பதில் அனுப்பிக்கொண்டிருந்தாள். அந்தேரியில் கணக்குத் தணிக்கை ஆபீசில் வேலை. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இருந்தாலும் பத்திரிகை தமிழில்தான் இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். ஒரு வருடமாக அந்தச் சந்தில் யார் எதிரே வந்தாலும் "எப்போ?" என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். எழுந்து வந்து அந்தக் கட்டை எடுத்துக் கதவுக்கு வெளியே வைத்தாள்.

"ஸ்டிக்கர் வேணாம்மா. ஒண்ணு ஒட்டிட்டா, அதுக்கு மேல இன்னொண்ணு ஒட்டலாம்னு எல்லாருக்கும் தோணிடும்."

சான்பாடாவில் ஒரு காபி

மழைக்காலக் கல்யாணத்தில் என் விதி ஒன்றுதான். வேண்டிய ஆட்கள் எல்லோரும் முந்தின நாள் மாலையே மண்டபத்துக்குள் இருக்க வேண்டும். பொண்ணு வீடு, ஐயர், மேளம், சமையல், பூ எல்லாம் சரி என்றார்கள். சமையலை முதல் மாடிக்கு ஏற்றியாகிவிட்டது. மாப்பிள்ளை வீடு மட்டும் பாக்கி.

மாப்பிள்ளையின் அப்பா ஆறுமுகம் ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். காபி கொடுத்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கல்யாணத்தன்று காலையில் வீட்டில் குலதெய்வத்துக்கு விளக்கேற்றிக் கும்பிட்டு, அங்கிருந்துதான் மாப்பிள்ளை புறப்பட வேண்டும், அது அவர்கள் வழக்கம் என்றார். வழக்கம் என்று ஒருவர் சொன்ன பிறகு என் தொழிலில் வாதம் செய்யக் கூடாது. அப்படியானால் ஆறு மணிக்காவது புறப்படுங்கள், காரில் வேண்டாம் என்றேன்.

"காரா?" என்றார் அவர், நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னது மாதிரி. "ஏழு இருபத்தஞ்சு ஹார்பர் ட்ரெயின் சார். முப்பத்தஞ்சு வருஷம் நான் பாத்த லைன். மழைக்கு ரோடு நிக்கும். ட்ரெயின் நிக்காது."

இஞ்சின் இல்லாத வண்டி

ஒரு ரயில்வேக்காரரின் நம்பிக்கை மேல் கல்யாணத்தை விட முடியாது. சுடலைமுத்துவின் பட்டறைக்கும் காதர் பாயின் பட்டறைக்கும் நடுவில் ஒரே சுவர். காதர் பாய் தென்காசிப் பக்கம். தோல் கட்டுகளைத் தாராவியிலிருந்து ஊர் முழுக்க அனுப்புகிறவர். அவரிடம் ஆறு கைவண்டி, ஹாத்காடி. முத்துச்செல்வி பிறந்த நாளிலிருந்து அவர் அவளுக்கு மாமா.

கிங்ஸ் சர்க்கிள் தண்ணீரில் டாக்சி நிற்கும், பஸ் நிற்கும். நடக்கலாம் என்றால் மூடி திறந்த மேன்ஹோல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. மழைக்கால மும்பையில் என்னைப் பயமுறுத்துவது அது ஒன்றுதான். ஆனால் வண்டி தள்ளுகிறவர்களுக்கு அந்த ரோட்டில் ஒவ்வொரு மூடியும் காலுக்குத் தெரியும். தினமும் அதைத் தவிர்த்துத்தானே தள்ளுகிறார்கள். இரண்டு வண்டி, எட்டு ஆள், காலை எட்டு மணிக்கு, தண்ணீர் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் சயான் முனையில் நிற்க வேண்டும் என்று காதர் பாயிடம் கேட்டேன்.

சுடலைமுத்துவுக்குச் சங்கடமாக இருந்தது. சம்பந்தி வீட்டாரைத் தோல் வண்டியில் ஏற்றுவதா என்று முனகினார். காதர் பாய் அவர் தோளில் தட்டினார். "ஏ முத்து, காரு தண்ணியப் பாத்து நிக்குதுன்னா அதுக்கு இஞ்சின் நனையுது. நம்ம வண்டியில நனையுறதுக்கு என்னடே இருக்கு?"

குர்லா, எட்டு பத்து

அந்த நாள் காலை ஐந்து மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. ஏழரைக்குக் கிங்ஸ் சர்க்கிளில் ஸ்கூட்டர் சீட் தெரியவில்லை. மண்டபத்துக்குள் எல்லாம் ஒழுங்காக இருந்தது: மாடியில் பொங்கல் வெந்துகொண்டிருந்தது, நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தார், பொண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை மட்டும்தான் இல்லை.

எட்டு பத்துக்கு ஆறுமுகத்தின் போன். ட்ரெயின் குர்லாவோடு நின்றுவிட்டது, தண்டவாளத்தில் தண்ணீர். அவர், மனைவி, மாப்பிள்ளை, உறவினர் பத்துப் பேர், தாலி இருக்கும் பை, எல்லாம் குர்லா பிளாட்பாரத்தில். வெளியே வந்து சயானுக்கு நடங்கள், அங்கே வண்டி நிற்கிறது என்றேன். என்ன வண்டி என்று கேட்டார். சொன்னேன். பிளாட்பாரத்து இண்டிகேட்டரில் அடுத்த ட்ரெயின் போட்டிருக்கிறதா என்று பக்கத்தில் யாரையோ கேட்டார். பிறகு, "அரை மணியில லைன் க்ளியர் ஆயிடும் சார். நான் பாத்திருக்கேன்" என்றார்.

மண்டபத்தில் செய்தி எப்படிப் பரவிற்றோ தெரியாது. பெண்கள் வரிசையில் யாரோ, "போன வருசமும் இப்படித்தான் போன் வந்துச்சு" என்றது எனக்கே கேட்டது. சுடலைமுத்துவுக்கும் கேட்டிருக்கும். படிக்கட்டில் என் பக்கத்தில் வந்து நின்றார். புது வேட்டி, புதுச் சட்டை, முகம் மட்டும் பழையது. "இன்னைக்கும் நடக்கலன்னா, நான் எந்தச் சந்து வழியா வீட்டுக்குப் போவேன் அண்ணாச்சி?" என்றார். நடக்கும் என்றேன். சும்மா தைரியத்துக்குச் சொல்லவில்லை. பத்தரை வரை நேரம் இருந்தது. குர்லாவிலிருந்து சயான் முக்கால் மணி நடை. அவர்கள் கிளம்பினால் போதும்.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே இருந்தேன். அந்தப் பக்கம் அறிவிப்பு, கூட்டம், மழை. அப்புறம் ஒரு இளைஞனின் குரல், என்னிடம் இல்லை, அவன் அப்பாவிடம்:

"அப்பா, நீங்க ரயில்வேய நம்பி இங்கயே நில்லுங்க. தப்பில்ல. தாலிப் பைய மட்டும் குடுங்க, போன தடவ அவ காத்திருந்தது போதும், நான் நடக்கறேன்."

ஊர்வலம்

அவன் நடந்தான். அம்மா பின்னால் நடந்தார். உறவினர் பத்துப் பேரும் நடந்தார்கள். ஆறுமுகம் கடைசி வரை இண்டிகேட்டரைப் பார்த்துவிட்டு, ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒன்பதே காலுக்குக் காதர் பாயிடமிருந்து போன்: "ஏத்தியாச்சு. ஒம்பது அம்பதுக்கு மண்டபத்துல இருப்போம்னு சம்பந்திகிட்ட சொல்லியிருக்கேன்." பத்து மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, ரயில் பாலத்துக்கு அடியில், இடுப்பளவு தண்ணீரில் இரண்டு கைவண்டிகள் வந்தன. முன்வண்டியில் அம்மாவும், மடித்துக் கட்டிய பட்டு வேட்டியோடு மாப்பிள்ளையும். அவன் மடியில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய தாலிப் பை. பின்வண்டியில் மூன்று வயதானவர்கள், நடுவில் ஆறுமுகம், கையில் ஷூவோடு. மற்றவர்கள் வண்டியைப் பிடித்துக்கொண்டு, வண்டி போன தடத்திலேயே நடந்து வந்தார்கள். முன்னால் காதர் பாய் தண்ணீருக்குள் ஒரு மூங்கில் கம்பால் குத்திக்கொண்டே, "பாயே, பாயே லே!" என்று இந்தியில் கத்தி வண்டியை இடப்பக்கம் ஒதுக்கினார். நாதஸ்வரக்காரரை யாரும் கேட்கவில்லை. அவரே ஜன்னலுக்கு வந்து ஊத ஆரம்பித்தார். எதிர்க்கட்டடத்தில் பால்கனி பால்கனியாக ஆட்கள் போனில் படம் எடுத்தார்கள்.

மண்டபப் படிக்கட்டின் மூன்றாவது படியில் வண்டி முட்டி நின்றது. சுடலைமுத்து தண்ணீருக்குள்ளேயே இறங்கி, மன்னிப்பு கேட்கிற மாதிரி கைகூப்பினார். ஆறுமுகம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார், ஷூவைப் போட்டுக்கொண்டார், மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு காதர் பாயிடம், ஒரு ரயில்வேக்காரர் இன்னொரு ரயில்வேக்காரரிடம் பேசும் தொனியில் சொன்னார்: "நாலு நிமிஷம் லேட். பரவால்ல, கண்டிஷன் அப்படி."

தாலி ஏறியது பத்தே பத்துக்கு. பன்னிரண்டு மணிக்குக் கடல் இறங்க, கிங்ஸ் சர்க்கிளும் வடிந்தது. வரவே மாட்டார்கள் என்று நான் நினைத்த விருந்தாளிகள் எல்லோரும் ஒன்றாக வந்து இறங்கி, மூன்று மணி வரை சாப்பிட்டார்கள்.

பஞ்சாங்கம் நல்ல நேரத்தைச் சொல்லிவிடும், கடல் அட்டவணை ஆபத்தான நேரத்தைச் சொல்லிவிடும், இரண்டும் ஒரே நேரமாக அமையும்போது வண்டி தள்ள எட்டு ஆள் சொல்லிவைப்பதற்குப் பெயர்தான் மும்பையில் கல்யாண ஏற்பாடு.