நூறு காட்டிய போன்

தம்பி கிளம்பிய நாள் ஒரு வியாழக்கிழமை. பட்டறைக்கு அன்று விடுப்பு கிடையாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்துதான் அவள் அவனை வழியனுப்பினாள். வேலை மும்முரத்தில் நெற்றியில் மாட்டியிருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கழற்றக்கூட மறந்து, பேருந்து நிலையத்தில் வந்து நின்ற அக்காவைப் பார்த்து அவனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னக்கா, என் மூக்குக்குள்ள என்ன இருக்குன்னு பாக்க வந்தியா?"

"வாயை மூடு. போனை எடு. எவ்ளோ காட்டுது?"

"நூறு. இதோட அஞ்சு தடவை கேட்டுட்ட."

"பாட்டு கேக்காதே. படம் பாக்காதே. அந்த ஆளு கூப்பிடுற வரைக்கும் சும்மா வச்சிரு."

"அப்ப இதை வச்சிக்கிட்டு என்ன பண்றது? முதுகு சொறியவா?"

அவன் எல்லை தாண்டிக் கட்டட வேலைக்குப் போகிறான். வேலை அனுமதிக் காகிதத்தின் படம், தங்குமிடத்தின் முகவரி, ஏஜெண்டின் எண், எல்லாம் அந்தப் போனுக்குள்தான். மூன்றாம் நாள் மாலை அந்த நாட்டு ரயில் நிலையத்தில் இறங்கி நிற்க வேண்டும். ஏஜெண்ட் கூப்பிட்டு எந்த வேனில் ஏறுவது என்று சொல்வார். அந்த ஊர் பாஷையில் தண்ணீர் கேட்கக்கூட அவனுக்குத் தெரியாது. அங்கே அவனுக்கென்று இருந்த ஒரே வாய் அந்தப் போன்.

அம்மா போனபோது அவளுக்குப் பத்தொன்பது, அவனுக்கு ஏழு. அதற்குப் பிறகு அவனுக்கு எல்லாம் அவள்தான்.

அவள் வேலை செய்த பட்டறை, பெயின்ட் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. எட்டு மேசைகள். பழைய போன்கள் சாக்கு மூட்டைகளில் வந்து இறங்கும். ஒரு மேசையில் கண்ணாடி மாற்றுவார்கள், இன்னொன்றில் கீறலைத் தேய்ப்பார்கள். பேட்டரி மேசை அவளுடையது. புது பேட்டரி போட்டால் கட்டுப்படியாகாது என்று முதலாளி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அதனால் வேலை இப்படி: பேட்டரியின் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் விரல்நகம் அளவு அட்டையைக் கையடக்கப் பெட்டி ஒன்றில் செருகுவாள். இதுவரை எத்தனை முறை சார்ஜ் ஏறி இறங்கியது என்ற கணக்கு அந்த அட்டையில் இருக்கும். அதைப் போனின் வரிசை எண்ணோடு ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டு, ஒரு பொத்தானை அழுத்துவாள். கணக்கு பூஜ்யம். போனைத் திறந்தால் பேட்டரி ஆரோக்கியம் நூறு என்று பளிச்சென்று காட்டும்.

"உன் மேசைக்கு வந்தா கிழவனும் மாப்பிள்ளை ஆயிடுறான்டி," என்பாள் கண்ணாடி மாற்றுகிறவள். பட்டறையில் அவளுக்கு 'நூறு' என்றே பட்டப்பெயர். "நூறக்கா, டீ வந்திருச்சு!" என்று அவளைவிட மூத்தவர்களும் கூப்பிடுவார்கள்.

விற்ற போனுக்கு ஒரு மாத உத்தரவாதம். ஒரு மாதம் தாங்கினால் போதும் என்பது அங்கே எழுதாத சட்டம். நாளுக்கு முப்பது அட்டை. பல வருஷம். பாத்திரம் கழுவுவதுபோல அவள் கை பாட்டுக்கு அதைச் செய்யும்.

தம்பி பயணம் முடிவானதும் முதலாளி பெருந்தன்மையாகச் சொன்னார்: "வேலை முடிஞ்சு தேறின போன் தட்டுல இருந்து உனக்குப் பிடிச்சதை எடுத்துக்கம்மா."

ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதினோரு போன்களைப் பார்த்தாள். திரையில் புள்ளி இருக்கிறதா, ஒலிபெருக்கி இரைகிறதா, சார்ஜ் துளை தளர்ந்திருக்கிறதா என்று மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பேட்டரிக்கு மட்டும் திரையில் இருந்த எண்ணைப் பார்த்தாள். நூறு. நிம்மதியாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அந்த நூறை எழுதியது யார் கை என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை ரயிலிலிருந்து இரண்டு முறை பேசினான். சனிக்கிழமை மதியம் ஒரு முறை. அதன்பிறகு இல்லை. களைத்துத் தூங்கியிருப்பான் என்று சனி இரவைத் தள்ளினாள். ஞாயிறு காலை, வேலைக்கு ஏற்பாடு செய்து கொடுத்த பக்கத்து வீட்டுக்காரரிடம் எண் வாங்கி ஏஜெண்டைக் கூப்பிட்டாள்.

"ஆறு தடவை அடிச்சேம்மா. ஆஃப்னே வருது. வேன்ல ஒன்பது பேரு குளிர்ல வெடவெடன்னு நடுங்குறாங்க. ஒருத்தனுக்காக எவ்ளோ நேரம் நிக்கிறது? வரலைன்னு நினைச்சுக் கிளம்பிட்டோம்."

"குளிரா?"

"பின்ன? வாயத் திறந்தா புகை வருது இங்க."

அப்போதுதான் அவளுக்கு அந்தப் பேட்டரி ஞாபகம் வந்தது. கிழட்டு பேட்டரி வெதுவெதுப்பான பட்டறையில் சொன்னபடி கேட்கும். குளிரில் எண் மட்டும் அப்படியே நிற்கும். ஒரு அழைப்பு வரட்டும், ஒரு செய்தி அனுப்பட்டும், அடுத்த நொடி சரிந்துவிடும். அப்படி விழுந்ததில் சில, எந்தச் சார்ஜரில் போட்டாலும் எழாது.

திங்கட்கிழமை சீட்டுகள் போட்டுவைத்த டப்பாவை மேசையில் கவிழ்த்துத் தேடினாள். அந்தப் போனின் சீட்டு கிடைத்தது. அவள் கையெழுத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது என்றிருந்தது. எண்ணூறு முறையைத் தாண்டிய பேட்டரியைத் தேறாது என்று ஒதுக்க வேண்டியது அவள்தான்; இதை ஒதுக்கவில்லை.

"யாரும் வேணும்னு செய்யறதில்லடி," என்றாள் கண்ணாடி மாற்றுகிறவள்.

"நான் வேணும்னுதான் செஞ்சேன். தினம் முப்பது."

காவல் நிலையத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்த நாட்டிலுள்ள நம் தூதரகத்துக்கு மூன்று கடிதம் போட்டாள். விசாரிக்கிறோம் என்று ஒரே ஒரு பதில் வந்தது. ஏஜெண்ட் எண்ணை மாற்றிக்கொண்டார். வேறு வேலை கிடைத்திருக்கும், ஒருநாள் காசோடு வந்து நிற்பான் என்று பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும்போதெல்லாம் சொன்னார். கொஞ்ச நாளில் அவளைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விட்டார்.

புது பேட்டரி போடலாமே என்று முதலாளியிடம் ஒருநாள் கேட்டாள்.

"போடலாம். அப்புறம் நீ, நான், எல்லாரும் வீட்ல உக்காந்து ஈ ஓட்டலாம்."

வேலையை விட்டால் வாடகை இல்லை. வாடகை இல்லையென்றால் அவன் திரும்பி வந்தால் தேடி வர ஒரு வீடு இருக்காது. அதனால் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். இது யார் தம்பிக்குப் போகிறதோ என்று ஒவ்வொரு அட்டையிலும் கை ஒருகணம் நிற்கும். பிறகு அழுத்தும். இப்போது பட்டறையில் யாரும் அவளை 'நூறு' என்று கூப்பிடுவதில்லை. அப்படிக் கூப்பிடுவதை நிறுத்தியதோடு அவளைப் பார்த்துப் பேசுவதையும் பாதி நிறுத்திவிட்டார்கள்.

மாதம் தவறாமல் அவன் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்தாள். தினமும் காலையில் கூப்பிட்டாள். பதிவு செய்த பெண்குரல் ஒரே வாக்கியத்தைச் சொன்னது.

பதினான்கு மாதம் கழித்து, ஒரு காலைப் பொழுதில், மேசைமேல் அவள் போன் அதிர்ந்தது. திரையில் 'தம்பி' என்று இருந்தது. செய்தி. அதைப் படிக்கவும் பொறுமையின்றி அந்த எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. எடுத்தார்கள்.

"டேய்!"

"யாருங்க? இது ரிப்பேர் பட்டறை."

"அந்தப் போன்... எங்கேர்ந்து வந்துச்சுண்ணே?"

"மூட்டையில வந்த சரக்குக்கா. அஞ்சாறு கை மாறி, எடைக்கு வாங்குறது. எந்த ஊரு மூட்டைன்னு எங்களுக்கே தெரியாது. பேட்டரி மாத்திப் பாத்தேன், இப்பதான் உசுரு வந்துச்சு. உள்ள சிம்மு வேற இருந்திருக்கு."

"அழிச்சிடாதீங்கண்ணே. அதுல என் தம்பி இருக்கான்."

அந்தப் பக்கம் ஸ்க்ரூ ஒன்று தட்டில் விழும் ஓசை கேட்டது. அது எந்த மேசை, அவர் கை எங்கே இருக்கும், அடுத்து என்ன செய்வார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"பூட்டு போட்டிருக்குக்கா. என்னால திறக்க முடியாது. வேணும்னா எடுத்து வைக்கிறேன், வந்து வாங்கிக்கங்க. ஆனா ஆளைப் பத்தி இதுல என்ன இருக்கப்போகுது?"

விலாசத்தைச் சீட்டில் குறித்துக்கொண்டாள். பென்சில் இரண்டு முறை ஒடிந்தது. அதன்பிறகுதான் செய்தியைத் திறந்தாள். அந்தச் சனிக்கிழமை மாலை எழுதி, அனுப்புவதற்குள் போன் அணைந்து உள்ளேயே நின்றுவிட்டது.

"அக்கா வந்து சேந்துட்டேன். செம குளிரு. இங்க சார்ஜ் போட ஒரே ஒரு இடம்தான், பெரிய வரிசை. என் முறை வந்துச்சு. பின்னாடி ஒரு அம்மா கைக்குழந்தையோட, போன் செத்துப்போய் அழுதுகிட்டு நின்னாங்க. எனக்கு இன்னும் 58 இருக்கேன்னு இடத்தை அவங்களுக்குக் குடுத்துட்டேன். அவரு கூப்பிட்டதும் சொல்றேன். நீ சாப்பிடு."