ஆறாம் மாடியின் ஓரச் சுவர்

ஒருவர் செய்தது சரி. அதிலிருந்து விளைந்தது தவறு. அந்தத் தவறு யாருடையது? கம்ஷாத்தின் வாழ்க்கையை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறேன்.

கஸகஸ்தானில், அல்மாத்தி நகரின் வடகோடியில் உள்ள எங்கள் தொழிற்சாலை வீடுகளைத் துண்டு துண்டாக வார்த்து அனுப்புகிறது. சுவர், தளம், படிக்கட்டு எல்லாம் இங்கேயே தயாராகும். குளியலறைகூட ஓடு பதித்து, குழாய் மாட்டி, முழுப் பெட்டியாக லாரி ஏறும். கட்டுமிடத்தில் கிரேனால் இறக்கிப் பொருத்தினால் போதும். ஆனால் முழுக் கட்டடமும் முதலில் கம்ஷாத்தின் கம்ப்யூட்டருக்குள் எழும்ப வேண்டும். அந்த மாடலில் அவள் தலையசைக்காமல் எந்த அச்சிலும் கான்கிரீட் விழாது. அந்த அதிகாரத்தை அவள் இரக்கமில்லாமல் பயன்படுத்தினாள். சாப்பாட்டுக்கூடத்தில் யாராவது பிறந்தநாள் கேக் வெட்டினால், "கோணலா வெட்டுறீங்க" என்பாள். அவள் மேசைக்கு யாரும் தேநீர் கொண்டுபோனதில்லை.

மற்றவர்கள் அவளை முதுகுக்குப் பின்னால் வெறுத்தார்கள். கட்டுமிடத் தலைவன் ஒரின்பசார் முகத்துக்கு நேரே வெறுத்தான்.

அந்தக் குளிர்காலத்தில் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. சில வீடுகள் எங்கள் ஊழியர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன. ஆறாம் மாடி ஓர வீட்டுக்குப் போகவேண்டிய குளியலறைப் பெட்டியைக் கம்ஷாத் தொழிற்சாலை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். கழிவுக்குழாயின் வாய் மாடலில் இருந்ததைவிட இரண்டு விரல் தள்ளியிருந்தது.

ஒரின்பசார் போனில் கத்தினான். "ரெண்டு விரலுக்கா? தங்கச்சி, என் ஆளுங்க பனியில விறைச்சுப்போய் நிக்கிறாங்க. அனுப்பு, நாங்க பாத்துக்கிறோம்."

"நீங்க பாத்துக்குவீங்கன்னு தெரிஞ்சுதான் அனுப்பல."

அவன் காத்திருக்கவில்லை. பெட்டி இல்லாமலே மேல்தளத்தை வைத்து மூடினான். ஏழாம் மாடிச் சுவர்களும் ஏறின. சரிசெய்த பெட்டி வந்தபோது அதை மேலிருந்து இறக்க வழியில்லை. கட்டடத்தின் ஓரச் சுவரை வெட்டிப் பெட்டியை உள்ளே தள்ளிவிடலாம் என்றான். இயக்குநரின் அறையில் இருவரும் மோதினார்கள்.

"அது எடை தாங்குற சுவர், ஒரேகே. பூமி ஆடுற ஊர் இது" என்றாள் கம்ஷாத். ஒரின்பசாரை மரியாதைக்கு ஒரேகே என்றுதான் கூப்பிடுவோம்.

"கம்பி வச்சு திரும்ப அடைச்சிருவோம்."

"பல்லைப் பிடுங்கிட்டு மாவு வச்சு அடைக்கிற மாதிரியா? பெட்டியை விடுங்க. உள்ளேயே ஆளை வச்சு ஓடு பதிங்க."

"யாரு பதிப்பா? ஓடு பதிக்கிறவன் எல்லாரையும் உங்க தொழிற்சாலை இழுத்துக்கிச்சு. என்கிட்ட மிச்சம் இருக்கிறது கிரேனும் வெல்டரும்தான். சரி, பெட்டியை நிறுத்தி வச்சது யாரு?"

"நான்தான்."

"கேட்டீங்களா?" என்று அவன் இயக்குநரைப் பார்த்தான்.

"அந்த வீட்ல நீங்க குடியிருப்பீங்களா?"

"குதிரை மாதிரி நிம்மதியாத் தூங்குவேன்."

இயக்குநர் தேநீரில் பாலை ஊற்றிக்கொண்டே, "வெட்டுங்க" என்றார்.

வெட்டினார்கள், தள்ளினார்கள், அடைத்தார்கள். கம்ஷாத் அரசு ஆய்வாளரிடம் போயிருக்கலாம். போகவில்லை. அவளை உயர்ந்த மனுஷியாக்க விரும்புகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாது. ஆறாம் மாடியில் யாரோ ஒருவர் ஒன்றும் தெரியாமல் குடியேறப்போகிறார் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

வசந்தத்தில் ஊழியர்கள் வீடு தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. ஒரின்பசாரின் முறை முதலில். இரண்டாம் மாடியில், நட்டநடுவில், மலையைப் பார்த்த வீடு ஒன்றை எடுத்துக்கொண்டான்.

"ஏன் ஒரேகே, குதிரைக்கு ஆறாம் மாடி ஏறக் கால் வலிக்குதா?" என்றாள் கம்ஷாத்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் காது சிவந்தது. "நாக்கைப் பாரு. உன் வீட்டுக்காரன் சும்மாவா ஓடினான்?" என்றான். அதற்கும் சிரித்தார்கள்.

அடுத்து அவள் முறை. மலையைப் பார்த்த நல்ல வீடுகள் இன்னும் மிச்சமிருந்தன. அவள் வரைபடத்தில் ஆறாம் மாடி ஓர வீட்டின் மேல் விரலை வைத்தாள்.

சிரிப்பு நின்றது. ஒரின்பசார் குரலைத் தாழ்த்தி, "அது வேணாம், தங்கச்சி" என்றான். அவளிடம் அவன் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

"சாவி" என்று கையை நீட்டினாள் கம்ஷாத்.

குற்ற உணர்ச்சி என்றார்கள் சிலர். வீம்பு என்றார்கள் சிலர். அவளோ கட்டிலை வெட்டி அடைத்த அந்த ஓரச் சுவரை ஒட்டித்தான் போடச் சொன்னாளாம். சாமான் தூக்கிப்போனவர்கள் வந்து சொன்னார்கள்.