சவாசனத்தில் கையை எங்கே வைப்பது

அடையாறில் காலை நேரத்தில் ஆட்கள் செத்தவர்களைப் போலப் படுத்துக் கிடப்பார்கள். பூங்காவில் தூங்குமூஞ்சி மரத்தடியில் வரிசையாகப் பாய் விரித்து, நல்ல வெளிச்சம் வந்த பிறகு, நல்ல வீடுகளில் இருக்கிறவர்கள் கண்ணை மூடி மல்லாந்து கிடப்பார்கள். கொஞ்ச நேரத்தில் எழுந்து பாயைச் சுருட்டி, வாசலில் அருகம்புல் சாறு வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். இலங்கையில் எங்கள் மன்னாரில் ஒருவன் பகலில் வெளியே மல்லாந்து கிடந்தால் ஊர் கூடிவிடும். ஒன்றில் அவன் குடித்திருக்க வேண்டும், அல்லது யாராவது அவன் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். போருக்குத் தப்பி இந்த நகரத்துக்கு வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனாலும் தண்ணீர் கேன் ஏற்றிய மூன்று சக்கர வண்டியோடு அந்தக் கம்பி வேலியைக் கடக்கும்போது நான் ஒருமுறை நின்று, அவர்களுடைய வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவேன்.

என்னோடு கேன் போடுகிற ஏழுமலைக்கு இது பெரிய வேடிக்கை. “இன்னா நைனா, டெய்லி செக் பண்ணிக்கினு கீற? எல்லாம் உசுரோடதான் கீது, வா. வூட்ல ஏசி போட்டா தூக்கம் வரலியாம், இங்க வந்து மண்ல படுத்துக்கினு கீதுங்க” என்பான். நானும் சிரித்துக்கொண்டு வண்டியை மிதிப்பேன். ஏன் பார்க்கிறேன் என்று அவனுக்குச் சொன்னதில்லை.

எனக்கு ஒரே மகன். ஜூட். அகதி முகாமில் பிறந்து ஆதம்பாக்கத்தில் வளர்ந்தவன். பிறந்த நாடு அவனைத் தன் பிள்ளை என்று சொல்லவில்லை. தாய் தகப்பன் நாட்டை அவன் கண்ணால் கண்டதில்லை. என்னைப் போல ஐந்தாம் வகுப்போடு நிற்காமல் நன்றாகப் படித்தான். வேலைக்குப் போன இடமெல்லாம் அகதி அட்டையைப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஆஸ்திரேலியாவுக்கு ஒரு படகு போகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏறுவதற்கு முன்பு தாய்க்கு போன் எடுத்து, சாப்பிட்டீங்களா அம்மா என்று கேட்டான். அதுதான் கடைசி. படகு கவிழ்ந்ததாகவும் செய்தியில்லை, கரை சேர்ந்ததாகவும் செய்தியில்லை. காணாமல் போன பிள்ளை இருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று போரில் எத்தனையோ பேரைத் தொலைத்த நம் ஊரிலிருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அவனுடைய பிறந்தநாளுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்று மயிலாப்பூரில் ஒரு மாதா கோயிலுக்குப் போனேன். அலுவலகத்தில் இருந்த பெண் பெயரைக் கேட்டாள். சொன்னேன்.

“உயிரோட இருக்கிறவங்களுக்கா, இறந்தவங்களுக்கா அங்கிள்?”

“மகனுக்கம்மா.”

“அது சரி அங்கிள். இருக்காரா, இல்லையா?”

“தெரியாதம்மா.”

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தாள். “ஃபாரின்ல இருக்காரா? ஃபோனே பண்றதில்லையா? இப்ப எல்லாப் பசங்களும் அப்படித்தான் அங்கிள். உடல்நலத்துக்குன்னு போட்டுடவா?”

தலையாட்டவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றோடு எனக்குச் செபம் நின்றுபோனது. பூசையில் இறந்த ஆத்துமாக்களுக்காகச் செபிக்கும் இடம் வந்தால், என் வாயாலேயே அவனைக் கொன்றுவிடுவேனோ என்று வாயை மூடிக்கொள்வேன். உயிரோடு இருப்பவர்களுக்காகச் செபிக்கும் இடத்தில் கடவுளுக்கு முன்னால் பொய் சொல்வது போல இருக்கும். என் மனைவி றீற்றாவுக்கு இந்தக் குழப்பம் இல்லை. பிள்ளை இருக்கிறான், அவ்வளவுதான். ஊரிலிருந்து கொண்டுவந்த செபமாலையை உருட்டியபடி வாசலைப் பார்த்து இருப்பாள்.

பிறகு மூச்சு முட்டத் தொடங்கியது. கேனைத் தோளில் தூக்கி இரண்டாம் மாடி ஏறுவதற்குள் நெஞ்சு அடைத்துவிடும். பெரியாஸ்பத்திரியில் இதயத்தில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கோட்டூர்புரம் பாலத்தில் வண்டியை நிறுத்தி, கீழே கறுப்பாக ஓடுகிற ஆற்றைத் தேவைக்கு அதிகமாகப் பார்த்துக்கொண்டு நின்ற காலைகளும் உண்டு. அதற்கு மேல் அதை எழுத விரும்பவில்லை.

ஒருநாள் நான் தண்ணீர் போடுகிற வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டு அம்மாள்தான் பூங்காவில் யோகா சொல்லிக் கொடுப்பவர். எல்லாரும் மாமி என்பார்கள். “மூச்சு முட்டறதா? நாளைக்குக் கார்த்தால பார்க்குக்கு வாங்கோ. பாய் நான் கொண்டு வரேன்” என்றார். கூச்சத்தில் மறுக்கத் தெரியாமல்தான் போனேன். கடைசி வரிசையில் நின்றேன். எல்லாரும் ஓம் என்றபோது பேசாமல் இருந்தேன். குனிந்து நிமிர்ந்து முடிந்ததும் மாமி சொன்னார்: “சவாசனம். சவம் மாதிரி படுத்துண்டு, எல்லாத்தையும் விட்டுடுங்கோ.”

சவத்தை எப்படிக் கிடத்துவது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆட்களில் கால்களைச் சேர்த்து, பெருவிரலைக் கட்டி, கைகளை நெஞ்சில் வைத்து, விரல்களைக் கோத்து, அதற்குள் செபமாலையைச் சுற்றுவோம். நான் அப்படியே படுத்தேன். கண்ணை மூடியதும் கிடப்பது நானில்லை என்று தோன்றியது. யாரும் கால் கட்டாத, கை கோக்காத ஒருவன் அங்கே கிடந்தான். அடித்துப் பிடித்து எழுந்து வாசலுக்கு ஓடினேன். மாமி பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து என் கையில் கொடுத்தார். “தப்பா நெனச்சுக்காதீங்கோ. ஓம் சொல்லணும்னு கட்டாயமே இல்லே. உங்க ஏசுவையே நெனச்சுக்கோங்கோ, யார் வேண்டாங்கறா?” அதில்லை அம்மா என்றேன். என் மதத்தைப் புண்படுத்திவிட்டதாக அவர் கலங்கியது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

வீட்டில் அதைவிட மோசம். றீற்றா பாயைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். சொன்னேன். “ஆர் செத்தது எண்டு பிணம் மாதிரிப் படுத்தனீங்கள்? என்ர பிள்ளைக்கு நாள் குறிக்கிறீங்களோ?”

“மூச்சுக்காகத்தான் றீற்றா.”

“மூச்சு விட வேற இடம் கிடைக்கேல்லையோ?”

ஆனாலும் போனேன். வேறு போக்கிடம் இல்லை. மறுபடியும் அதே மாதிரிக் கால் சேர்த்து, கை கோத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மாமி நடந்து வந்து என் பக்கத்தில் குந்தினார். கோத்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

“இதென்ன, கையைக் கட்டிண்டு? பாடை கட்டவா வந்திருக்கேன்! காலை அகட்டுங்கோ. கை ரெண்டும் பக்கத்துல, உள்ளங்கை மேல பாக்கட்டும். பேருதான் சவாசனம். சவம் மூச்சு விடுமா? நீங்க விடணும்.”

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விரித்த கையில் காற்று பட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் மடு மாதா திருவிழாவில் பெரிய வேண்டுதல் இருக்கிறவர்கள் இப்படித்தான் இரண்டு கையையும் விரித்து, உள்ளங்கையை மேலே காட்டி, முழங்காலில் நிற்பார்கள். நான் அதையே படுத்துக்கொண்டு செய்கிறேன் என்று புரிந்தது. இறந்தவனுடைய கையை நாங்கள் மூடிவிடுகிறோம், இனி அவனுக்குக் கேட்க ஒன்றுமில்லை என்று. இந்தக் கை திறந்திருந்தது. மூச்சு உள்ளே வந்தபோது ஜூட் என்று நினைத்தேன். வெளியே போனபோது ஒன்றும் நினைக்கவில்லை. அவன் இருக்கிறானா இல்லையா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. கண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைக்காமல் கிடந்தேன்.

குணமாகிவிட்டது என்று எழுதினால் பொய். எழுந்தால் அதே நெஞ்சு, அதே மாடிப்படி, அதே பாலம். இது யோகாவா செபமா என்றும் எனக்குத் தெரியாது. அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் நான் கடவுளிடம் பொய் சொல்லாமல் இருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, வீட்டில் சிமெண்ட் தரையிலேயே அப்படிப் படுத்திருந்தேன். றீற்றா திட்டுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். “கையை ஏன் இப்பிடி வச்சிருக்கிறீங்கள்?” என்றாள். “அவனுக்காகக் கேக்கிறன்” என்றேன். என் பக்கத்தில் வந்து படுத்தாள். அவளுடைய வலது கை ஊர்ச் செபமாலையை இறுக்கிப் பிடித்திருந்தது. இடது கையை மெதுவாக இந்த ஊர்த் தரையில் விரித்து வைத்தாள். அது என் கைக்குப் பக்கத்தில், தொடுகிற தூரத்தில் இருந்தது. நான் அதைப் பிடிக்கவில்லை. பிடித்தால் மூடிவிடும்.